தொடர்மாடியின் மாதக் கட்டணத்தைப் பிரிப்பது எப்படி: முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கான செய்முறை

திருகோணமலையில், கடற்கரைக்குச் சற்று உள்ளே அமைந்திருக்கும் எங்கள் தொடர்மாடியில் 16 வீடுகள் இருக்கின்றன. கட்டியவர்கள் சாவிகளைக் கையளித்துவிட்டுச் சென்ற பின்னர் பொருளாளர் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. முதலாம் ஆண்டில் கட்டணத்தைப் பிழையாகப் பிரித்தேன். அதைச் சீர்செய்ய இரண்டாம் ஆண்டு முழுவதும் தேவைப்பட்டது. முகாமையாளர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்த எண்ணுபவர்களும் முதலில் இதைச் செய்து முடித்துவிட வேண்டும். கணக்கின் அடித்தளம் பிழையாக இருந்தால், எவ்வளவு திறமையான முகாமையாளராலும் வீட்டுக்காரர்களிடம் பணம் பெற முடியாது.

படி 1: வரைபடத்தைக் கையில் எடுங்கள்

இலங்கையில் தொடர்மாடி வீடுகளின் உரிமை 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. அச்சட்டம் 1982 இலும் 2003 இலும் திருத்தப்பட்டது. கட்டடத்தின் கூட்டாதன (condominium) வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவானதும், வீட்டு உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டத்தின்படியே உருவாகிவிடுகிறது. தனியாகக் கம்பனி பதியவோ சங்கம் அமைக்கவோ வேண்டியதில்லை. இவற்றை மேற்பார்வை செய்வது கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை.

அந்த வரைபடத்தோடு ஓர் அட்டவணை இருக்கும். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். அதுவே அவ்வீட்டின் பங்குப் பெறுமதி. வரைபடத்தின் பிரதி இல்லாவிட்டால் காணிப் பதிவகத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அது கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் அறவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 2: எது பொது, எது தனி என்று எழுதுங்கள்

கூரையில் தொடங்கி நிலமட்டம் வரை ஒரு கொப்பியோடு இறங்கி வாருங்கள். கூரை, தூண்கள், வெளிச்சுவர்கள், படிக்கட்டு, மின்தூக்கி, தண்ணீர்த் தாங்கி, பம்பி, மலக்குழி ஆகியவை பொதுப் பாகங்கள். குழாய்களில்தான் வாக்குவாதம் எழும். பல வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் நிலைக்குத்துக் குழாய் பொதுவானது என்றும், அதிலிருந்து பிரிந்து ஒரே வீட்டுக்கு மட்டும் செல்லும் கிளை அந்த வீட்டுக்குரியது என்றும் நாங்கள் எழுதிக் கூட்டத்தில் நிறைவேற்றினோம். அதன் பின்னர் குளியலறைக் கசிவு பற்றி ஒரு சண்டையும் வரவில்லை.

படி 3: ஆண்டுச் செலவைக் கணியுங்கள்

காவலாளி, துப்புரவு, பொது மின்மானி, மின்தூக்கிப் பராமரிப்பு, தாங்கி கழுவுதல், மலக்குழி அகற்றுதல், கட்டடக் காப்புறுதி ஆகியன எல்லோருக்கும் நினைவில் வரும். தவறவிடப்படுவது ஊழியருக்கான சட்டப்படியான கொடுப்பனவு. காவலாளியை நீங்களே நேரடியாக அமர்த்தினால், ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் 8 சதவீதத்தைக் கழித்து, உங்கள் பங்காக 12 சதவீதத்தைச் சேர்த்துச் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 சதவீதம். ஆகவே 40,000 ரூபாய்ச் சம்பளம் கூட்டுத்தாபனத்துக்கு 46,000 ரூபாய்ச் செலவாகும். வயதான காவலாளி ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து நம் பிள்ளைகளைக் காக்கிறார். அவருக்குரிய நிதியை மிச்சம் பிடிப்பது முறையல்ல.

படி 4: பிரியுங்கள்

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். மாதச் செலவு 1,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான் அதை 16 ஆல் வகுத்து, வீட்டுக்கு 8,750 ரூபாய் என்று அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். எல்லோரும் சமம் என்பதால் அதுவே நியாயம் என்று மனப்பூர்வமாக நம்பினேன். இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பற்றுச்சீட்டை வாங்கியபடி கேட்டார்: "தம்பி, எண்ட வீடு ரெண்டு அறை. மேல்மாடி நாலு அறை. ரெண்டு பேருக்கும் ஒரே காசோ?" என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவே அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். கூட்டுத்தாபனம் அறவிடும் பங்களிப்பு, ஒவ்வொரு வீட்டின் பங்குப் பெறுமதிக்கு ஏற்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. எனது நியாயத்துக்கு அங்கே இடமில்லை.

கணக்கை இப்படிச் செய்யுங்கள். இங்கே தரும் எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் அட்டவணையில் இருப்பவையே உங்களுக்குச் செல்லுபடியாகும். சிறிய வீடுகள் 8, ஒவ்வொன்றின் பங்குப் பெறுமதி 5. நடுத்தர வீடுகள் 6, ஒவ்வொன்றுக்கும் 8. மேல்மாடியில் பெரிய வீடுகள் 2, ஒவ்வொன்றுக்கும் 12. மொத்தம் 40, 48, 24 சேர்ந்து 112. மாதச் செலவான 1,40,000 ஐ 112 ஆல் வகுத்தால் ஒரு பங்குக்கு 1,250 ரூபாய். எனவே சிறிய வீட்டுக்கு 6,250, நடுத்தர வீட்டுக்கு 10,000, பெரிய வீட்டுக்கு 15,000 ரூபாய். எல்லா வீடுகளின் தொகையையும் கூட்டிப் பாருங்கள். மீண்டும் 1,40,000 வர வேண்டும். வராவிட்டால் அட்டவணையில் ஏதோ ஒரு வீட்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

இந்த எண்களின்படி, சம பங்கு முறையில் சிறிய வீட்டுக்காரர் ஒவ்வொரு மாதமும் 2,500 ரூபாய் கூடுதலாகச் செலுத்தியிருப்பார். ஓராண்டுக்கு 30,000 ரூபாய். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேலதிகமாகப் பெற்றதை அடுத்த ஆண்டின் கட்டணத்தில் கழித்துக் கொடுத்தோம். பெரிய வீட்டுக்காரர்கள் முதலில் முகம் சுளித்தாலும், வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டியபோது ஏற்றுக்கொண்டார்கள். எண்ணை நீங்கள் வாயால் சொன்னால் அது உங்கள் கருத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். பதிவான அட்டவணையைக் காட்டினால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

படி 5: ஒதுக்க நிதி

பெரிய திருத்த வேலைகளுக்காக மாதாமாதம் சேர்த்து வைக்கும் பணமே ஒதுக்க நிதி. கடலோரத்தில் இது கட்டாயம். கடற்காற்றோடு வரும் உப்பு கொங்கிறீற்றுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு கம்பியைவிடப் பல மடங்கு பருமன் கொண்டது என்பதால் அது உள்ளிருந்து தள்ளி, கொங்கிறீற்றைப் பிளக்கிறது. மார்கழி மழைக்கு முன்னர் சிறிய சுத்தியல் ஒன்றை எடுத்துப் பல்கனியின் அடிப்பகுதியை மெதுவாகத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல இடம் "டக்" என்று ஒலிக்கும். உள்ளே பிரிந்த இடம் வெறும் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுப் படம் எடுத்து வையுங்கள். எங்கள் கட்டடத்தில் கடலைப் பார்த்த பக்கத்தில்தான் வட்டங்கள் அதிகம்.

மாதம் 33,600 ரூபாய் ஒதுக்கினால், அதாவது மேற்படி உதாரணத்தில் பங்கு ஒன்றுக்கு 300 ரூபாய் வீதம், 5 ஆண்டுகளில் 20,16,000 ரூபாய் சேரும். வர்ணம் பூசுவதற்கும் திருத்த வேலைக்கும் திடீரென்று வீடு வீடாகக் கை நீட்ட வேண்டியிராது. கைப்பிடிக் கம்பிகளை மாற்றும்போது 304 வகைத் துருப்பிடிக்காத உருக்கை விட்டு 316 வகையைக் கேளுங்கள். அதில் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். விலை கூடத்தான், ஆனாலும் நான் வேறு எதையும் பரிந்துரைக்கமாட்டேன்.

படி 6: பணத்தைக் கையாளுதல்

கூட்டுத்தாபனத்தின் பெயரில் இரண்டு கணக்குகள் திறவுங்கள். ஒன்று மாதச் செலவுக்கு, மற்றையது ஒதுக்க நிதிக்கு. இரண்டிலும் இருவர் கையொப்பம் வேண்டும். எங்கள் வங்கி, வரைபடத்தின் பிரதியையும் நிர்வாக சபை தெரிவான கூட்டத்தின் அறிக்கையையும் கேட்டது. அவற்றை ஒரே கோப்பில் கொண்டுசெல்லுங்கள். கணக்குக்கு எக்செல் போதும். மாதச் சந்தா கேட்கும் செயலிகள் 16 வீடுகளுக்குத் தேவையில்லை. ஆனால் பற்றுச்சீட்டு மட்டும் இலக்கமிட்ட, கரிப்பிரதியுள்ள புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். வட்ஸ்அப் குழுவில் "கட்டிவிட்டேன்" என்று வரும் செய்தியைக் கணக்காக ஏற்காதீர்கள். மூன்று மாதம் கழித்து அதைத் தேடி எடுக்க முடியாது.

முகாமையாளரை அமர்த்தும்போது அறவிடுதலையும் வேலைகளையும் மேற்பார்வையையும் அவரிடம் விடலாம். காசோலையில் கையொப்பமிடும் அதிகாரத்தைச் சபையே வைத்திருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கனடாவிலோ இலண்டனிலோ வாழும் உரிமையாளரின் பூட்டிய வீட்டுக்குக் கட்டணம் உண்டா என்று பலர் கேட்டிருந்தார்கள். உண்டு. பங்களிப்பு உரிமைக்குரியது, குடியிருப்புக்குரியதன்று. வாடகைக்குக் கொடுத்திருந்தாலும் பொறுப்பு உரிமையாளருடையதே. வாடகைக்காரர் செலுத்துவது அவர்கள் இருவருக்கும் இடையிலான ஏற்பாடு. வெளிநாட்டில் இருப்பவரிடம், ஊரில் அவருக்காகச் செயற்படக்கூடியவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுத்தில் பெற்று வையுங்கள். பூட்டிய வீட்டுக்குள் குழாய் வெடித்தால் நள்ளிரவில் அது தேவைப்படும்.

இன்னொருவர், தண்ணீர்க் கட்டணத்தையும் பங்குப் பெறுமதிப்படி பிரித்ததால் சண்டை வந்ததாக எழுதியிருந்தார். அவர் சொல்வது சரி. இதை முதலில் நான் எழுதத் தவறிவிட்டேன். வீட்டுக்குள் பாவிக்கும் தண்ணீர் தனிப் பாவனை. கட்டடத்துக்கு ஒரே பிரதான மானி இருந்தால், வீட்டுக்கு வீடு உபமானி பொருத்தி, மாதக் கடைசி நாளில் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வாசியுங்கள். பிரதான மானிக்கும் உபமானிகளின் மொத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே பொதுச் செலவு. அதையே பங்குப் பெறுமதிப்படி பிரிக்க வேண்டும்.

அந்த வித்தியாசத்தைக் கவனமாகப் பாருங்கள். கச்சான் காற்று வீசிய ஒரு மாதத்தில் எங்கள் பிரதான மானி 240 அலகுகளையும் உபமானிகள் சேர்ந்து 221 அலகுகளையும் காட்டின. ஓர் அலகு 1,000 லீற்றர் என்பதால், 19,000 லீற்றர் எங்கோ போயிருந்தது. இரவு 11 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் பிரதான மானியை வாசித்தேன். எல்லோரும் தூங்கும் நேரத்திலும் முள் நகர்ந்துகொண்டிருந்தது. கூரைக்கு ஏறிப் பார்த்தபோது, தாங்கியின் மிதவை வால்வு தேய்ந்து மூடாமல் நின்றது; மேலதிக நீர் வழிவுக்குழாய் வழியாக ஓசையின்றி வடிகாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வால்வை மாற்றிய அடுத்த மாதம் வித்தியாசம் 3 அலகாகக் குறைந்தது.