எம்.எல்.ஏ. ஆகும் வக்கீல் தன் பிராக்டிஸைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

ஐந்து வருஷம் பதவி என்று கணக்குப் போட்டு ஆபீஸை மூடிவிடாதீர்கள். 1989 ஜனவரியில் தேர்வான தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1991 ஜனவரி 30-ல் கலைக்கப்பட்டது. 1977-ல் வந்த சபையும் 1980 பிப்ரவரியைத் தாண்டவில்லை. திரும்பி வரும்போது கட்சிக்காரர்கள் (வழக்கை உங்களிடம் ஒப்படைத்தவர்கள்) மிச்சமிருக்க வேண்டும் என்றால், வேட்புமனுவுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஜி.பி. (அரசின் சிவில் வக்கீல்), பி.பி. (அரசின் குற்றவியல் வக்கீல்) என்று அரசு நியமனம் எது இருந்தாலும் முதலில் அதைக் கவனியுங்கள். அரசியலமைப்பின் 191-வது பிரிவு 'ஆதாயம் தரும் பதவி'யில் இருப்பவரைத் தகுதியிழக்கச் செய்கிறது. சில பதவிகளுக்கு மாநிலச் சட்டம் விலக்கு தரும். அதன் அட்டவணையில் உங்கள் பதவி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ராஜினாமாக் கடிதம் மட்டும் போதாது, அதை ஏற்றுக்கொண்ட உத்தரவு மனுப் பரிசீலனை நாளுக்குள் கையில் இருக்க வேண்டும். ராஜஸ்தானின் காந்தா கதூரியா ஒரு மத்தியஸ்த வழக்குக்காகச் சிறப்பு அரசு வக்கீலாக நியமிக்கப்பட்டிருந்தார். அந்த ஒரு காரணத்துக்காக 1967-ல் அவர் ஜெயித்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் வரை போய்த்தான் அவர் தப்பினார்.

எம்.எல்.ஏ. வழக்காடலாமா என்ற சந்தேகம் 2018 செப்டம்பர் 25-ல் தீர்ந்தது. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி 49 முழுநேரச் சம்பள ஊழியருக்குத்தான் தடை விதிக்கிறது, சட்டமன்ற உறுப்பினர் யாருக்கும் ஊழியர் அல்ல என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அமைச்சரானால் கதை வேறு. பிராக்டிஸை நிறுத்திவைப்பதுதான் வழக்கம். பார் கவுன்சிலுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

அதிகம் கெடுவது கேஸ் கட்டுகள் விஷயத்தில்தான். ஜெயித்துவிட்டதால் வக்காலத்து, அதாவது வழக்கை நடத்தக் கட்சிக்காரர் எழுதிக்கொடுத்த அதிகாரம், தானாக முடிவதில்லை. சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 3, விதி 4-ன்படி, நீதிமன்ற அனுமதியோடு எழுத்தில் முடித்துக்கொள்ளும்வரை பொறுப்பு உங்களுடையது. ஆகவே கட்டுகளை மூன்றாகப் பிரியுங்கள். வாதத்துக்கு நிற்பவற்றை நீங்களே முடித்துவிடுங்கள். சாட்சி விசாரணையில் இருப்பவற்றுக்கு ஜூனியரையும் சேர்த்துப் புதிய வக்காலத்து போடுங்கள். மற்றவற்றைக் கட்சிக்காரரைக் கேட்டு மாற்றிக்கொடுங்கள்: புது வக்கீலின் வக்காலத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தேதியோடு கையெழுத்திடுங்கள், கட்டில் என்னென்ன ஆவணம் இருக்கிறது என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். அசல் பத்திரம் காணாமல் போனால் புகார் உங்கள் மேல்தான் வரும்.

சபை நடக்கிறது, வாய்தா கொடுங்கள் என்று கேட்டுப் பழகாதீர்கள். வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பதையே சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17 காரணமாக ஏற்பதில்லை. எதிர்த்தரப்புச் சாட்சி கூண்டில் நிற்கும் நாளில் ஆளில்லை என்றால் 'குறுக்கு விசாரணை இல்லை' என்று எழுதிவிடுவார்கள். பிறகு விசாரணையைத் திரும்பத் திறக்க ரீ-ஓப்பன், சாட்சியைத் திரும்ப அழைக்க ரீ-கால் என்று இரண்டு மனு போட்டுக் கெஞ்ச வேண்டிவரும். செலவுத்தொகை வேறு கட்டச் சொல்வார்கள்.

பணக் கணக்கில் கறாராக இருங்கள். எம்.எல்.ஏ. சம்பளம் வருமான வரியில் 'இதர வருமானம்', வக்கீல் பீஸ் தொழில் வருமானம். இரண்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வைத்தால் கணக்கு குழம்பாது. பீஸ் ஒவ்வொன்றுக்கும் ரசீது போடுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் எம்.எல்.ஏ. பொது ஊழியர், அரசிடம் காரியம் ஆக வேண்டியவர் வழக்கத்துக்கு மீறிக் கொடுக்கும் பீஸை லஞ்சம் என்று சொல்ல அதிக நேரமாகாது. சபைக்குள் பேசவோ ஓட்டுப் போடவோ வாங்கிய லஞ்சத்துக்குச் சிறப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று 2024 மார்ச் 4-ல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பதவி போனபின் பெயர்ப்பலகையில் 'முன்னாள் எம்.எல்.ஏ.' என்று எழுதும் ஆசை வரும். வேண்டாம். எந்த அமைப்போடும் தொடர்பைக் காட்டிக்கொள்ளும் வாசகத்தை வக்கீல் பலகையிலும் லெட்டர்ஹெட்டிலும் பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. பதவியில் இருக்கும்போதும் எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் நீதிபதியிடம் நீட்டும்.