ஸ்டாண்டில் நிற்கும் ஃப்ளாஷைக் கேமராவிலிருந்தே கட்டுப்படுத்துவது எப்படி?

பெங்களூரில் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் வளைகாப்பு எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. ஃப்ளாஷ் ஸ்டாண்டை மூலையில் நிறுத்துவோம். கொஞ்ச நேரத்தில் அதற்கும் நமக்கும் நடுவே ஜமக்காளம், சீர்த்தட்டுகள், அத்தைமார், குழந்தைகள் என்று கூடம் நிரம்பிவிடும். வளையல் அடுக்கும் கைகள் வெளுத்துப் பதிவாகின்றன, ஃப்ளாஷைக் குறைக்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் அங்கே போக வழியில்லை. உறவினர்களும் நண்பர்களும் கூப்பிடும் விசேஷங்களைப் பல ஆண்டுகளாக எடுத்துவருகிறேன். கேமராவின் தலைமீது இருந்து ஃப்ளாஷுக்கு ரேடியோவில் ஆணை அனுப்பும் ட்ரிக்கரிலிருந்தே ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்த பிறகுதான் ஒளி என் கைக்கு வந்தது.

ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர், ஷட்டர் வேகம் மூன்றும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

என்ன வாங்குவது

நான் பயன்படுத்துவது கோடாக்ஸ் டிடி600 ஃப்ளாஷ்கள், கோடாக்ஸ் எக்ஸ்ப்ரோ ட்ரிக்கர். டிடி600-க்குள்ளேயே ரேடியோ ரிசீவர் இருப்பதால் தனியாக ஒரு பெட்டியை மாட்ட வேண்டியதில்லை. யாங்நுவோ 560-4 ஃப்ளாஷும் அதற்கான 560-டிஎக்ஸ் ட்ரிக்கரும் இதே வேலையைச் செய்யும். ட்ரிக்கர் வாங்கும்போது கேமராவுக்கு ஏற்ற பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்: எக்ஸ்ப்ரோவில் கேனனுக்கு சி, நிக்கானுக்கு என், சோனிக்கு எஸ்.

கோடாக்ஸிலேயே விலை குறைந்த எக்ஸ்1 ட்ரிக்கரும் உண்டு. நான் எக்ஸ்ப்ரோவையே சொல்வேன். திரை பெரியது, ஃப்ளாஷ்களைப் பிரித்துக் கட்டுப்படுத்த உதவும் ஐந்து குழுக்களுக்கும் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கின்றன. விசேஷ வீட்டில் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்க நேரமே கிடைக்காது. விரல் தானாகப் போய்த் தொடும் பொத்தான் வேண்டும்.

இன்னொரு கருத்திலும் உறுதியாக இருக்கிறேன். தானாக ஒளியை அளக்கும் டிடிஎல் ஃப்ளாஷ் ஒன்று வாங்கும் பணத்துக்கு, அளவை நாமே வைக்கும் மேனுவல் ஃப்ளாஷ் இரண்டை வாங்குங்கள். வெள்ளை வேட்டி சட்டத்துக்குள் வந்தால் ஒரு ஒளி, அரக்குப் பட்டு வந்தால் வேறொரு ஒளி என்று டிடிஎல் மாற்றிக்கொண்டே இருக்கும். மேனுவலில் ஒரு முறை பிடித்த அளவு அப்படியே நிற்கும்.

ஃப்ளாஷில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு நிலைகள் இருக்கும். இவை அடுத்த ஃப்ளாஷின் வெளிச்சத்தைப் பார்த்துத் தானும் எரிபவை. அளவைத் தொலைவிலிருந்து மாற்ற முடியாது. விருந்தினர் கேமராவின் ஃப்ளாஷுக்கும் எரியும். நம் வேலைக்கு ஆகாது.

இணைப்பது

புளூடூத்தைப் போல ஜோடி சேர்க்கும் சடங்கு எதுவும் இதில் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சேனல், அதாவது ஒரே ரேடியோ அலைவரிசை எண், இருந்தால் போதும். டிடி600-இல் வயர்லெஸ் பொத்தானை அழுத்தி ரேடியோ ரிசீவர் நிலைக்குக் கொண்டுவாருங்கள். குழுவுக்கும் சேனலுக்கும் ஒரே பொத்தான்தான்: சட்டென்று அழுத்தினால் குழு மாறும், அழுத்திப் பிடித்தால் சேனலை மாற்றலாம். முதன்மை ஃப்ளாஷை ஏ குழுவிலும், பின்னாலிருந்து தலைமுடிக்கும் தோளுக்கும் ஒளி தரும் ஃப்ளாஷை பி குழுவிலும் வையுங்கள். சேனல் 32 வரை இருக்கிறது. 1-ஐ விட்டுவிடுங்கள், புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் அதிலேயே இருப்பார்கள்.

ட்ரிக்கரில் அதே சேனலை வைத்து, ஏ, பி இரண்டையும் எம் (மேனுவல்) நிலைக்கு மாற்றுங்கள். குழு டிடிஎல் நிலையில் இருந்தால் டிடி600-இடமிருந்து சரியான ஒளி வராது, ஏனென்றால் அது மேனுவல் ஃப்ளாஷ். வேண்டாத குழுக்களுக்குக் கோடு போட்ட நிலையை வையுங்கள். அதற்கு 'எரியாதே' என்று பொருள்.

எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடம்

புதிதாக வாங்கியவர் வீட்டில் என்ன செய்வார்? மேசைமீது ஃப்ளாஷை வைத்து, அரை மீட்டரில் கேமராவைப் பிடித்துக்கொண்டு சோதிப்பார். ஒரு முறை எரியும், மூன்று முறை எரியாது. பேட்டரியை மாற்றுவார், ட்ரிக்கரைக் கழற்றி மாட்டுவார், கடைசியில் பழுதான பொருள் என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். என்னிடம் உதவி கேட்டு வந்தவர்களில் பலருடைய கதை இதுதான்.

பொருளில் பழுதே இல்லை. எக்ஸ்ப்ரோ தொடக்கத்தில் 1 முதல் 100 மீட்டர் வரையிலான தொலைவுக்கு வைக்கப்பட்டிருக்கும். ரிசீவர் மிக அருகில் இருந்தால் அந்த வலுவான அலையை அதனால் ஒழுங்காக வாங்க முடியாது. தனி அமைப்புகளைக் காட்டும் சி.எஃப்என் பட்டியலுக்குப் போய், தொலைவுக்கான வரியில் 0-30 மீட்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீடு, சிறிய மண்டபம் இரண்டுக்கும் முப்பது மீட்டர் தாராளம். நான் அதை 100-க்கு மாற்றுவதே அரிது.

அதே பட்டியலில் இன்னும் மூன்று வரிகளைக் கவனியுங்கள். முதலாவது, காலிச் சேனலைத் தேடித் தரும் வசதி. இந்த ட்ரிக்கர்கள் வைஃபையைப் போலவே 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளிப் பக்கத்துக் குடியிருப்புகளில் மேலும் கீழும் பக்கத்திலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரவுட்டர் இருக்கும். விசேஷம் நடக்கும் இடத்துக்குப் போனதும் ஒரு முறை தேடவிட்டு, அது காட்டும் சேனல்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஐடி. முகூர்த்த நாளில் மேல்தளத்தில் ஒரு கல்யாணம், கீழ்த்தளத்தில் ஒரு நிச்சயதார்த்தம் நடக்கும் மண்டபங்கள் இங்கே உண்டு. இரண்டு இடத்துப் புகைப்படக்காரர்களும் ஒரே நிறுவனத்தின் ட்ரிக்கரை ஒரே சேனலில் வைத்திருந்தால், அவர்கள் அழுத்தும்போது உங்கள் ஃப்ளாஷ் எரியும். சேனலோடு 1 முதல் 99 வரை ஓர் எண்ணையும் இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை நிற்கும். ஐடி வசதி இல்லாத பழைய ஃப்ளாஷ் வைத்திருப்பவர்கள் மட்டும் ட்ரிக்கரிலும் அதை அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எரியவே எரியாது.

மூன்றாவது, மிகக் குறைந்த அளவு. டிடி600 இறங்கக்கூடியது முழு ஒளியில் 1/128 பங்கு வரை மட்டுமே. ட்ரிக்கரில் 1/256 என்ற அளவைத் தேர்ந்திருந்தால் திரையில் எண் இறங்கும், ஒளி இறங்காது. 1/128 வரை மூன்றில் ஒரு ஸ்டாப்பாக (ஒளி இரு மடங்காவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்) நகரும் அமைப்பை வையுங்கள்.

அளவைப் பிடிப்பது

முதலில் எல்லாக் குழுக்களையும் அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அறையில் இருக்கும் வெளிச்சம் எவ்வளவு பதிய வேண்டும் என்பதை ஷட்டர் வேகத்தால் முடிவுசெய்யுங்கள். ஃப்ளாஷ் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எரிந்து முடிந்துவிடுவதால், கேமராவின் ஒத்திசைவு வேகத்துக்குள் (ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகம்) இருக்கும்வரை ஷட்டர் அதைத் தொடாது. பல கேமராக்களில் அந்த எல்லை 1/200 அல்லது 1/250. என் தொடக்க எண்கள்: ஐஎஸ்ஓ 400, எஃப்/4, 1/125. குத்துவிளக்கின் சுடர் படத்தில் உயிரோடு தெரிய வேண்டுமானால் 1/60 வரை இறங்குவேன்.

இப்போது ஏ குழுவை மட்டும் 1/16-இல் எரியவிடுங்கள். 1/16, 1/8, 1/4 என்று ஒவ்வொரு படியும் இரு மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப். முகம் ஒரு ஸ்டாப் இருட்டாக இருந்தால் 1/8. இடையில் வேண்டுமானால் 1/16-க்கு மேல் 0.3, 0.7 என்று நகரலாம். ட்ரிக்கரில் மாற்றிய எண் ஃப்ளாஷின் திரையில் உடனே மாறாவிட்டால் பதற வேண்டாம். ஷட்டரைப் பாதி அழுத்தினாலோ படம் எடுத்தாலோ போய்ச் சேரும்.

அடுத்து ஏ-வை அணைத்துவிட்டு பி-யை மட்டும் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டும் சேர்ந்து எரியும்போது எந்த நிழல் எந்த விளக்கால் விழுகிறது என்று புரியாது. தனித்தனியாகப் பார்த்தால் உடனே புரியும். பிறகு இரண்டையும் சேருங்கள். ஒளியை மென்மையாக்கும் குடை வழியாக வரும் ஏ 1/8, வெறுமையாக நிற்கும் பி 1/64 என்பது என் வீட்டுக் கூடத்தில் நன்றாக அமைகிற விகிதம். உங்கள் தூரமும் குடையும் வேறு என்றால் எண்களும் வேறாகும். ஸ்டாண்டை இரு மடங்கு தூரத்துக்குத் தள்ளினால் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும், அதாவது இரண்டு ஸ்டாப் ஏற்ற வேண்டியிருக்கும்.

விகிதம் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு அப்பர்ச்சரை எஃப்/4-லிருந்து எஃப்/5.6-க்கு மாற்றினால், எல்லாக் குழுக்களையும் ஒன்றாக ஒரு ஸ்டாப் ஏற்றினால் போதும். அவற்றுக்குள் இருக்கும் உறவு கலையாது.

தாலி கட்டும் நேரத்துக்கு ஒரு முன்னேற்பாடு: முழு ஒளியில் எரித்தால் அடுத்ததற்குத் தயாராக நல்ல ரீசார்ஜ் பேட்டரியிலேயே இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். மூன்று முடிச்சில் இரண்டு போய்விடும். ஐஎஸ்ஓவை 400-லிருந்து 1600 ஆக்கினால், 1/1-இல் எரிந்த ஃப்ளாஷை 1/4-க்கு இறக்கலாம். சற்றுப் புள்ளி தெரிந்தாலும் பரவாயில்லை, தருணம் தவறக் கூடாது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

நீண்ட பூஜைக்குப் பின் ஃப்ளாஷ் எரியவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். ரிசீவர் நிலையில் சும்மா இருக்கும் டிடி600 தானாக அணைந்துவிடும். அணையும் நேரத்தை ஃப்ளாஷின் சி.எஃப்என் பட்டியலில் 30 நிமிடம், 60 நிமிடம் என்று தேர்ந்தெடுக்கலாம். 60-இல் வையுங்கள். இடையிடையே ஒரு சோதனைப் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

கேனன் 200டி 2 வைத்திருக்கும் அல்சூர் வாசகி ஒருவருக்கு எதுவுமே எரியவில்லை. அந்தக் கேமராவிலும் 3000டி-யிலும், ஃப்ளாஷ் மாட்டும் இடத்தின் நடுவே இருக்க வேண்டிய ஊசியைக் கேனன் நீக்கிவிட்டது. சாதாரண ட்ரிக்கர்கள் அந்த ஊசியை நம்பியே வேலை செய்பவை. எக்ஸ்ப்ரோ-சி-க்கு இதற்காகவே கோடாக்ஸ் புதிய ஃபர்ம்வேர் (ட்ரிக்கருக்குள் இயங்கும் மென்பொருள்) வெளியிட்டிருக்கிறது. ட்ரிக்கரை யூஎஸ்பி கேபிளால் கணினியில் இணைத்து, கோடாக்ஸ் தளத்திலிருந்து இறக்கிய மென்பொருளால் அதை ஏற்ற வேண்டும். கேபிள் மின்னேற்றத்துக்கு மட்டுமானதாக இருந்தால் கணினி ட்ரிக்கரைக் கண்டுகொள்ளாது. தரவும் கடத்தும் கேபிளாகப் பார்த்து எடுங்கள்.