ஐடில் வேகம் சரிசெய்வது: திருப்புளியை எடுக்கும் முன் கேபிளைப் பாருங்கள்

ஐடில் என்பது த்ராட்டிலை (பவரைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) முழுக்க மூடியபோது இன்ஜின் ஓடும் வேகம். ஒரு காலத்தில் எங்கள் சிறு விமானத்தின் இன்ஜின் த்ராட்டிலை முழுக்க மூடினாலும் 850 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 850 சுற்றுக்கு) கீழே வராது. இறங்கும்போது சக்கரம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும், தரையில் ஓட்டிச் செல்லும்போது பிரேக்கை மிதித்தபடியே இருக்க வேண்டும். சில மாதம் கழித்து அதே இன்ஜின் தரையிறங்கி வேகம் குறையும்போது இரண்டு முறை அணைந்துபோனது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) உள்ள லைகோமிங் ஓ-320, ஓ-360 வகை இன்ஜின்களுக்கு. ரோட்டாக்ஸ் 912 வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள், அதில் இரண்டு கார்புரேட்டர், முதலில் இரண்டையும் ஒத்திசைக்க வேண்டும், ஐடிலும் 1400க்குக் கீழே போகக் கூடாது. அப்புறம், உங்கள் விமானத்தின் கையேட்டில் உள்ள எண்தான் எண். பெரும்பாலும் 600 முதல் 700க்குள் இருக்கும். உரிமம் உள்ள மெக்கானிக் பக்கத்தில் இருக்கட்டும், வேலை பதிவேட்டில் ஏறட்டும்.

முதலில் மேக்னெட்டோ, அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்பொறி கொடுக்கும் கருவி. அதற்கு பேட்டரி வேண்டாம், மின்சாரத்தை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். சாவியை ஆஃப் செய்வது அதை ஒரு வயர் வழியாக எர்த் செய்வது மட்டும்தான், அந்த வயர் அறுந்திருந்தால் சாவி உங்கள் பையில் இருந்தாலும் ப்ரொப்பல்லரைக் கையால் லேசாக அசைத்தாலே இன்ஜின் பற்றிக்கொள்ளலாம். அதனால் நிறுத்துவதற்கு முன் ஐடிலில் ஒரு நொடி ஆஃப் செய்து பாருங்கள். இன்ஜின் சாகத் தொடங்க வேண்டும், உடனே போத் நிலைக்கு (இரண்டு மேக்னெட்டோவும் இயங்கும் நிலை) திரும்புங்கள். சாகவில்லை என்றால் ஐடில் வேலையை விட்டுவிட்டு அந்த வயரைப் பாருங்கள்.

சக்கரங்களுக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு, மூக்கு காற்றைப் பார்த்து, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். இன்ஜின் ஓடும்போது யாரும் ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. ஓட்டு, பார், நிறுத்து, மிக்ஸ்சர் கட்-ஆஃப் (பெட்ரோலை அடைப்பது), சாவி வெளியே, பிறகுதான் திருப்புளி. பத்து தடவை ஏறி இறங்க வேண்டி வந்தாலும் இப்படித்தான்.

இப்போது என்னைக் கவிழ்த்த இடம். இன்ஜின் நின்றிருக்கும்போது ஒருவர் காக்பிட்டில் த்ராட்டில் லீவரை முழுக்க மூடட்டும், நீங்கள் டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்து கார்புரேட்டரின் கையை (கேபிள் இழுக்கும் சிறு நெம்புகோலை) பாருங்கள். அந்தக் கை, அதைத் தடுத்து நிறுத்தி ஐடில் வேகத்தைத் தீர்மானிக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவின் முனையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் விமானத்தில் நகத்தின் கனத்துக்கு ஒரு இடைவெளி இருந்தது. காக்பிட் லீவர் தன் தடத்தின் கடைசியில் முட்டி நின்றுவிட்டது, கை ஸ்க்ரூ வரை வரவே இல்லை. அது தெரியாமல் நான் ஸ்க்ரூவை இரண்டு சுற்று வெளியே எடுத்திருந்தேன், ஆர்பிஎம் அசையவில்லை. பிறகு வேறு வேலைக்காக லீவரையும் கையையும் இணைக்கும் கேபிளைக் கழற்றி முறையாக மாட்டியபோது கை கடைசி வரை போய் உட்கார்ந்தது, அங்கே ஸ்க்ரூ இரண்டு சுற்று வெளியே! தரையிறங்கும்போது இன்ஜின் அணைந்தது அதனால்தான். லீவர் தன் தடத்தின் முனையைத் தொடுவதற்கு முன்பே கை ஸ்க்ரூவைத் தொட வேண்டும், இது சரியாகும்வரை மேலே போகாதீர்கள்.

சரி, இனி இன்ஜினைச் சூடாக்குங்கள். எண்ணெய், சிலிண்டர் இரண்டின் வெப்பமும் வழக்கமான அளவுக்கு வரட்டும், மேக்னெட்டோ சோதனை சரியாக இருக்கட்டும், கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் வழி) மூடியிருக்கட்டும். ஸ்க்ரூவில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு கால் சுற்றாகத் திருப்புங்கள். உள்ளே போனால் வேகம் கூடும். இதற்குக் குட்டையான தட்டைத் திருப்புளிதான் எனக்குப் பிடிக்கும், நீளமானது வழுக்கி ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடுகிறது. பேனலில் உள்ள பழைய கேபிள் டேக்கோமீட்டரை (ஆர்பிஎம் காட்டும் மீட்டரை) நம்பி இதைச் செய்யாதீர்கள். ஒளியால் அளக்கும் டேக்கோமீட்டர் வாங்குங்கள், இருக்கையில் உட்கார்ந்தபடியே கண்ணாடி வழியாக ப்ரொப்பல்லரைப் பார்த்து அளக்கலாம். இரண்டு பிளேடு என்று அமைக்க மறக்க வேண்டாம்.

அடுத்து மிக்ஸ்சர், அதாவது பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு; பெட்ரோல் அதிகமானால் ரிச், குறைந்தால் லீன். ஐடிலில் மிக்ஸ்சர் லீவரை கட்-ஆஃப் பக்கம் மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். ஆர்பிஎம் கொஞ்சம் ஏறி, பிறகு விழ வேண்டும். இன்ஜின் அணைவதற்குள் லீவரை முழு ரிச்சுக்குத் தள்ளிவிடுங்கள். 50 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறினால் ரிச் அதிகம், ஏறாமலேயே விழுந்தால் லீன். கார்புரேட்டரில் உள்ள ஐடில் மிக்ஸ்சர் ஊசியை உள்ளே திருப்பினால் லீன், வெளியே எடுத்தால் ரிச். ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் 2000 வரை ஓட்டி இன்ஜினைச் சுத்தமாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். மிக்ஸ்சர் மாறினால் வேகமும் மாறும் என்பதால் கடைசியில் ஸ்டாப் ஸ்க்ரூவுக்கு ஒருமுறை திரும்பி வர வேண்டியிருக்கும்.

எண் சரியாக வந்ததும் த்ராட்டிலை 1800லிருந்து மூடிப் பாருங்கள். பிறகு கார்ப் ஹீட்டைத் திறந்து வைத்தும் அதையே செய்யுங்கள். இரண்டிலும் இன்ஜின் தடுமாறாமல் நிற்க வேண்டும், எண்ணெய் அழுத்தமும் கையேட்டின் குறைந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது.

பின்சேர்க்கை: எவ்வளவு திருப்பினாலும் ஐடில் நிலைக்கவில்லை, லீன் நிலை மாறவே இல்லை என்று இருவர் எழுதினார்கள். ஸ்க்ரூவை விட்டுவிட்டு இன்டேக் குழாய்களின் (சிலிண்டருக்குக் கலவை போகும் குழாய்கள்) ரப்பர் இணைப்பையும் கேஸ்கெட்டையும் பாருங்கள். த்ராட்டில் மூடியிருக்கும்போதுதான் உள்ளே உறிஞ்சல் அதிகம், சின்ன ஓட்டையும் அப்போதுதான் பெரிதாகத் தெரியும், பவர் கொடுத்தால் மறைந்துவிடும். விமானப் பெட்ரோலான 100எல்எல் நீல நிறம் என்பதால் கசியும் இடத்தில் நீலக் கறை படிந்திருக்கும். எழுதியவர்களில் ஒருவருக்கு மூன்றாவது சிலிண்டரின் குழாய் மூட்டில் அந்தக் கறை கிடைத்தது, கேஸ்கெட்டை மாற்றியதும் பழைய ஸ்க்ரூ நிலையிலேயே இன்ஜின் சீராக ஓடியது.