பவருக்காகச் சொருகிய கேபிள்

கோடு எழுதி இசையமைக்கும் சோனிக் பை மென்பொருளில் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) கொடுத்தால், லேப்டாப்போடு இணைத்திருந்த டிரம் மெஷின் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. மெஷின் திரையில் சரியாக 240 என்று நின்றிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். 238, 243 என்று தாவிக்கொண்டே இருந்ததால் கேபிள் கோளாறு என்று நினைத்து மூன்று நாள் வீண்.

ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது மிடி கேபிள் (இசைக்கருவிகளுக்குக் கட்டளை கடத்தும் கேபிள்) வாங்கினேன், மாற்றமில்லை. டிரைவரை மறுபடி நிறுவினேன். வேளச்சேரியில் கரண்ட் ஏறி இறங்குவதைக்கூட சந்தேகப்பட்டேன், அது கொஞ்சம் ஓவர்தான்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். வேகத்தைச் சொல்லும் மிடி க்ளாக் ஒரு கால் நோட்டுக்கு, அதாவது ஒரு பீட்டுக்கு, 24 துடிப்பு அனுப்பும்; 120 வேகத்தில் சுமார் 20.8 மில்லிசெகண்டுக்கு ஒன்று. வேகம் இரட்டிப்பு என்றால் 48 துடிப்பு போகிறது. மீதி 24 எங்கிருந்து?

மெஷினின் அடாப்டர் போன மாதம் புகைந்துபோனதால் லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி வழியாகப் பவர் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வெறும் பவர் கேபிள். லேப்டாப்புக்கோ அது இன்னொரு மிடி போர்ட். போர்ட் பெயர் சொல்லாவிட்டால் சோனிக் பையின் 'மிடி க்ளாக் பீட்' கட்டளை இணைந்திருக்கும் எல்லா போர்ட்டுக்கும் துடிப்பை அனுப்பிவிடும். ஒன்று யுஎஸ்பியில், ஒன்று இன்டர்ஃபேஸ் பெட்டி வழியாக ஐந்து முள் மிடி கேபிளில், துளி முன்பின்னாக. திரையை ஆட்டியது அந்த முன்பின்தான்.

அந்தக் கட்டளையில் இன்டர்ஃபேஸ் போர்ட்டின் பெயரை மட்டும் கொடுத்தேன். மெஷினை ஓடத் தொடங்கச் சொல்லும் 'மிடி ஸ்டார்ட்'டிலும் அதையே சேர்த்தேன், இல்லாவிட்டால் அதுவும் இரண்டு முறை போகும். திரையில் 120. யுஎஸ்பி கேபிள் இன்னும் சொருகியபடியேதான் இருக்கிறது, அடாப்டர் வாங்கவில்லை.