செரட்டோனினைக் குறைத்தால் ஏற்பி குறையுமா: எலியில் பார்க்கும் முறை

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது இது: மூளையில் செரட்டோனினை (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்) குறைத்தால் மன அழுத்த ஹார்மோனின் ஏற்பியும், அதாவது செல்லில் அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதமும், குறையுமா? அளப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. நாம் குறைத்தது செரட்டோனினைத்தானா, எண்ணியது மொத்த ஏற்பியைத்தானா என்பதில்தான் ஏமாறுவோம்.

கேள்வி சும்மா வந்ததல்ல. மாண்ட்ரீலில் மைக்கேல் மீனியின் குழு தாய் எலிகளைக் கவனித்தது. குட்டியை நிறைய நக்கிவிடும் தாயிடம் வளர்ந்தவற்றுக்கு மூளையில் நினைவுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸில் குளுக்கோகார்டிகாய்டு ஏற்பி அதிகம். நாம் அளக்கப்போகும் மன அழுத்த ஹார்மோன் ஏற்பி இதுதான். நக்கும்போது குட்டியின் மூளையில் செரட்டோனின் கூடுகிறது. அது செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறை உயர்த்தி, என்ஜிஎஃப்ஐ-ஏ என்ற புரதம் வழியாக ஏற்பியின் மரபணுவை முடுக்குகிறது.

சரி, வேலைக்கு வருவோம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்கட்டும். செரட்டோனின் நரம்புகளை அழிக்க 5,7-டைஹைட்ராக்ஸிட்ரிப்டமைன் என்ற நச்சை மூளையில் செலுத்துவோம். அது நார்அட்ரினலின் என்ற வேறொரு வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புக்குள்ளும் புகுந்துவிடும். அதனால் அரைமணி நேரம் முன்பே டெசிப்ரமைன் என்ற மருந்தைப் போட்டு அந்த வாசலை அடைத்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்களின் முடிவை நான் நம்புவதில்லை. ஒப்பீட்டு எலிகளுக்கும் டெசிப்ரமைன் உண்டு. நச்சுக்குப் பதில் வெறும் கரைப்பான்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து ஏற்பியை அளக்கலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நமக்குக் கார்டிசால் போல எலிக்குக் கார்டிகோஸ்டிரோன். அது ரத்தத்தில் ஓடும்வரை ஏற்பிகளில் ஒரு பகுதி அதனோடு ஒட்டிக்கொண்டு உட்கருவுக்குள் போயிருக்கும். திசுக் கரைசலில் கதிரியக்க ஹார்மோனைச் சேர்த்தால் காலியாக இருப்பவை மட்டும்தான் கணக்கில் வரும். ஆகவே அந்த ஹார்மோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பிகள் இரண்டையும் அகற்றி, ஒரு நாள் விட்டு மூளையை எடுங்கள்.

அந்த ஒரு நாளும் குடிக்க 0.9 சதவீத உப்புநீர். அட்ரினலோடு ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் போய்விடும்; அது இல்லாத உடம்பு உப்பைப் பிடித்துவைக்காது. என் முதல் தொகுதியில் ஒரு கூண்டுக்குப் பழக்கதோஷத்தில் சாதாரணத் தண்ணீர் புட்டியை மாட்டிவிட்டேன். அந்த எலிகளைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து உப்புநீர் புட்டிக்குச் சிவப்பு டேப்.

அப்புறம், ஹிப்போகாம்பஸில் இரண்டு வகை ஏற்பி இருக்கிறது. மினரலோகார்டிகாய்டு ஏற்பி ஏறக்குறைய பத்து மடங்கு இறுக்கமாகக் கார்டிகோஸ்டிரோனைப் பிடிக்கும். கதிரியக்கக் கார்டிகோஸ்டிரோனை மட்டும் நம்பினால் இரண்டும் கலந்துவரும். ஆர்யூ 28362 என்ற செயற்கை ஸ்டிராய்டு குளுக்கோகார்டிகாய்டு ஏற்பியில் மட்டுமே ஒட்டுவதால் அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

மூளையை எடுக்கும்போதே ரத்தத்தையும் சேமியுங்கள். அதில் கார்டிகோஸ்டிரோன் தெரிந்தால் சுரப்பித் துணுக்கு ஏதோ உள்ளே தங்கிவிட்டது என்று பொருள். ஏற்பி எண் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அந்த எலியை நீக்கிவிடுங்கள்.