மலையகப் பொது அறிவுப் போட்டிக்குக் கேள்வி தயாரிப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில் தோட்ட வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி வைக்கிறீர்களா? விடையை முதலில் எழுதுங்கள், கேள்வியைப் பிறகு எழுதுங்கள். மேடையில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரு கேள்விக்கு இரண்டு சரியான விடைகள் இருப்பதால் வருபவைதான்.

நான்கு பேர் கொண்ட ஐந்து அணிகளுக்கு 25 கேள்விகள், சமநிலை வந்தால் கேட்க இரண்டு, தகராறான கேள்விக்குப் பதிலாக மூன்று. ஆக 30 போதும். விடை சொல்ல 30 வினாடி கொடுங்கள்.

"முதல்", "மிக உயர்ந்த" என்ற சொற்கள் வரும் இடத்தில்தான் அதிகம் சறுக்கும். "தேயிலையை முதலில் கொண்டுவந்தவர் யார்?" என்றால் ஜேம்ஸ் டெய்லர் என்று பிள்ளைகள் கத்துவார்கள். ஆனால் 1824இலேயே பேராதனைப் பூங்காவில் சீனத் தேயிலைச் செடி இருந்தது. டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் வர்த்தகப் பயிராக நட்டார். ஆகவே "வர்த்தக நோக்கில் முதலில் தேயிலை நட்ட தோட்டம் எது?" என்று கேளுங்கள். அதையொட்டியே, தேயிலைக்கு முன் இங்கே பயிரிடப்பட்ட கோப்பியை அழித்த நோய் எது என்றும் கேட்கலாம். விடை இலைத்துரு நோய். அது 1869இல் தோன்றியது.

மலை உயரத்திலும் இதே கவனம் வேண்டும். தனித்து நிற்பதால் சிவனொளிபாதமலைதான் மிக உயரம் என்று பலர் நம்புகிறார்கள். அது 2,243 மீற்றர்; பீதுருதாலகால 2,524 மீற்றர். நல்ல கேள்வி இது. சிவனொளிபாதமலை எந்த மாவட்டத்தில் என்று மட்டும் கேட்காதீர்கள். அது இரத்தினபுரி, நுவரெலியா எல்லையில் நிற்கிறது, இரு பக்கமும் வாதாடும்.

ரயில் கேள்விகள் பிள்ளைகளுக்கு உயிர். நாட்டின் மிக உயரமான நிலையம் பட்டிப்பொளை. பாதையின் உச்சமோ அதற்கும் ஒஹியாவுக்கும் நடுவே 1,898 மீற்றரில் இருக்கிறது. கேட்பது நிலையத்தையா பாதையையா என்று தெளிவாக எழுதுங்கள். தெமோதரையில் பாதை வளைந்து சுற்றி, தான் கடந்துவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் போகிறது. சரிவு நேராக இறக்க முடியாத அளவு செங்குத்து என்பதால் அப்படிச் சுற்றினார்கள். விடை சொன்ன பிறகு, ஒரு நூலை மேசையில் வளைத்துக் காட்டினால் சின்னவர்களுக்கும் புரியும்.

நீர்வீழ்ச்சியும் பாலமுமே முழுத் தாளையும் நிரப்பினால் அது சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்காவது நம் மக்களைப் பற்றி இருக்க வேண்டும். மலையக மக்கள் வந்து 200 ஆண்டானதை நினைவுகூர 2023இல் நடந்த "மலையகம் 200" நடைபயணம் எங்கிருந்து எங்கே போனது? (தலைமன்னார், மாத்தளை.) மலையக மக்களின் குடியுரிமை பற்றிய 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரு பிரதமர்கள் யார்? (சிறிமாவோ பண்டாரநாயக்க, லால் பகதூர் சாஸ்திரி.) 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் இறந்த தொழிலாளி யார்? (கோவிந்தன்.) கடைசிக் கேள்வி பல பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனாலேயே அது தாளில் இருக்கட்டும். விடையோடு அவர் கதையை இரண்டு வரியில் வாசியுங்கள்.

ஒரு கிலோ தேயிலைத்தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இந்த மாதிரி "சுமார்" விடைகளுக்கு 2, 4½, 10 என்று தள்ளித் தள்ளித் தெரிவுகள் கொடுங்கள்.

அடியையும் மீற்றரையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். நாட்சம்பளம், அமைச்சர் பெயர் போன்ற மாறும் விடயங்களுக்கு "இன்றைய திகதிப்படி" என்று சேர்த்து, முதல் நாள் மீண்டும் சரிபாருங்கள்.

சமநிலைக்கு எண் கேள்விதான் வசதி: நாட்டின் மிக உயரமான பம்பரகந்த நீர்வீழ்ச்சி எத்தனை மீற்றர்? இரு அணியும் தாளில் எழுதட்டும். 263க்கு நெருங்கியவருக்குப் பரிசு.