நின்றுபோன மாடல் அனலாக் மிக்சர்: சிங்கப்பூரில் வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் சின்ன ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். பாட்டு மாணவர்கள், பஜனைக் குழுக்கள், அரங்கேற்றத்துக்கு இசை பதிவுசெய்யும் நடனப் பள்ளிகள்தான் பெரும்பாலும் வருபவர்கள். அறை நடுவில் இருக்கும் 24 சேனல் மிக்சரை (பல மைக்குகளின் ஒலியைச் சேர்த்து அளவு பொருத்தும் மேசை) பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த மாதிரி ஒண்ணு எங்கே கிடைக்கும்?" என்று கேட்காத தம்பிகள் குறைவு. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது: கம்பெனி பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். பவர் சப்ளை எப்படி இருக்கிறது, இவ்வளவு காலம் எந்த அறையில் இருந்தது, இந்த இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

சின்ன அறைக்குப் பொருத்தமானவை 1990களில் வந்த எட்டு பஸ் மிக்சர்கள். பல சேனல்களை ஒன்றாகச் சேர்த்து வெளியே அனுப்பும் பாதைதான் பஸ். சவுண்ட்கிராஃப்ட் கோஸ்ட், மேக்கி 8-பஸ், அலன் அண்ட் ஹீத் ஜிஎஸ்3000 போன்றவை. இப்போது எதுவும் புதிதாக வருவதில்லை. இவை இன்-லைன் அமைப்பில் செய்யப்பட்டவை. ஒரே சேனலில் மைக்குக்கு ஒரு பாதை, பதிவுசெய்தது டேப்பிலிருந்து (இப்போது கம்ப்யூட்டரிலிருந்து) திரும்பி வருவதற்கு இன்னொரு பாதை. மிக்ஸ் செய்யும்போது இரண்டுமே பயன்படும் என்பதால் 24 சேனல் மிக்சரில் 48 ட்ராக் வரை கொண்டுவரலாம். அதனால் 32 சேனலுக்கு ஆசைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. அகலமும் கூடும், சூடும் கூடும், பழுதாகக்கூடிய இடங்களும் கூடும். பெரிய ஸ்டூடியோ கன்சோல்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அவற்றின் பவர் சப்ளைக்கே தனி அறையும் ஏர்கானும் வேண்டும்.

இங்கே பழைய பொருள் விற்கும் இணையத்தளமான கேரசலில் அவ்வப்போது ஒன்று வரும். டிஜிட்டலுக்கு மாறும் தேவாலயங்கள், பள்ளிகள், மூடப்படும் ஸ்டூடியோக்கள் விற்பவை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைத்தால் பொருளின் விலை, கப்பல் கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்ந்த தொகைமேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்ட வேண்டும். ஜப்பானிலிருந்து வருபவை 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டிருக்கலாம், அமெரிக்காவிலிருந்து வருபவை 120 வோல்ட்டுக்கு. பின்புறத்தில் வோல்ட்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்காமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் அதோடு கதை முடிந்தது. விலை என்னவாக இருந்தாலும், கிட்டத்தட்ட அதே அளவு பணத்தைப் பழுதுபார்க்க எடுத்து வையுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு டைனமிக் மைக், ஹெட்போன், இரண்டு கேபிள், மல்டிமீட்டர், டார்ச் லைட் எடுத்துப் போங்கள். போனதும் மிக்சரைப் போடச் சொல்லிவிட்டு குறைந்தது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, சூடேறியபின் கரகரக்கும் சேனல்கள் உண்டு. விற்பவர் அவசரப்படுத்தினால் கிளம்பிவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு சேனலிலும் கெயின், ஈக்யூ, ஆக்ஸ், பான், மியூட், சோலோ, பஸ் பட்டன்கள், ஃபேடர் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். பின்னால் இன்சர்ட் ஜாக்கில் (சேனலின் நடுவில் வேறு கருவியை இணைக்கும் துளை) ஒரு ப்ளக்கைச் சொருகி எடுங்கள். சத்தமே இல்லாத சேனல் அப்போது உயிர் பெற்றால் மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பில் கோளாறு இல்லை, ஜாக்கின் உள்தொடர்பில் துரு. சுத்தம் செய்தால் போதும். இப்படித் தோன்றும் "செத்த சேனல்களை"க் காட்டி விலையைக் குறைக்கலாம்.

ஃபேண்டம் பவரை (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட்டு, மைக் சாக்கெட்டின் 1ஆம் பின்னுக்கும் 2ஆம் பின்னுக்கும் இடையே அளந்து பாருங்கள். பிறகு 1க்கும் 3க்கும். இரண்டிலும் 44க்கும் 52க்கும் இடையில் வோல்ட் இருக்க வேண்டும். அப்புறம் ஹம், அதாவது மின்சாரத்தால் வரும் ரீங்காரம். மைக் எதுவும் இல்லாமல் மாஸ்டரை ஏற்றி ஹெட்போனில் கேளுங்கள். 50 ஹெர்ட்ஸில் கனமாக வந்தால் பெரும்பாலும் எர்த் லூப், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆவதால் வரும் வயரிங் பிரச்சினை. உங்கள் அறையில் சரிசெய்துவிடலாம். 100 ஹெர்ட்ஸில் கொஞ்சம் முரட்டுத்தனமாக வந்தால் பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய கெபாசிட்டர்கள் வற்றிவிட்டன என்று சந்தேகப்படுங்கள்.

எங்களைப் போலச் சங்கீதம் பதிவுசெய்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பெண்கள் பலர் ஐந்து கட்டை சுருதியில் பாடுகிறார்கள். ஐந்து கட்டை என்றால் மேற்கத்திய இசையின் ஜி, அதாவது 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழ் ஸ்தாயி ஷட்ஜம் 98. தம்பூராவின் 98க்குப் பக்கத்தில் மிக்சரின் 100 நின்றால் விநாடிக்கு இரண்டு தடவை ஒலி கூடிக் குறைந்து அலை அடிக்கும். பாடுகிற பிள்ளை சுருதி சேரவில்லையோ என்று தவிக்கும். நல்ல காதுள்ள குழந்தைகளுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். அதனால்தான் பவர் சப்ளையை இவ்வளவு வற்புறுத்துகிறேன். எந்தக் காரணத்துக்கும் ஹம்மைப் போக்க மூன்று பின் ப்ளக்கின் எர்த் வயரைக் கழற்றாதீர்கள். உயிருக்கு ஆபத்து.

கொண்டுவருவதற்கு முன் லிஃப்டின் கதவை மட்டுமல்ல, உள்ளே மூலைக்கு மூலை எவ்வளவு என்றும் அளந்து வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வைப்பதாக இருந்தால் நடைபாதைத் திருப்பத்தையும், இரும்புக் கேட்டையும் சேர்த்து அளக்க வேண்டும். டெயில்கேட் (பின்னால் சாமானை ஏற்றி இறக்கும் தட்டு) வைத்த லாரி பிடியுங்கள். ஏர்கான் அறையில் குளிர்ந்திருந்த மிக்சரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர் பூக்கும். வந்து இறக்கியதும் ஒரு நாள் முழுவதும் சும்மா வைத்துவிட்டு, அப்புறம் போடுங்கள்.

இந்த ஊரில் பழைய மிக்சரைக் கொல்வது வயதைவிட ஈரம்தான். டீஹ்யூமிடிஃபையர் வாங்கி அறையின் ஈரப்பதத்தை 55, 60 விழுக்காட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள். பருத்தித் துணி போதும். வேலை இல்லாத வாரத்திலும் ஓரிரு தடவை போட்டு, எல்லா பட்டன்களையும் அமுக்கி, ஃபேடர்களை மேலும் கீழும் தள்ளிவிடுங்கள். தொடர்புகள் தேய்ந்து சுத்தமாக இருப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

சுத்தம் செய்ய டிஆக்ஸிட் என்ற ஸ்ப்ரே கிடைக்கும். ஜாக், சுவிட்ச் போன்றவற்றுக்கு டி5, ஃபேடருக்கு எஃப்5. ஃபேடரில் டி5 அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து வழவழப்பு போய்விடும். டபிள்யூடி-40 பக்கமே போகாதீர்கள். கெபாசிட்டர் மாற்றுவதாக இருந்தால் முதலில் பவர் சப்ளை, அடுத்து மாஸ்டர் பகுதி, கடைசியில்தான் சேனல்கள். 105 டிகிரி தாங்கும் வகையை வாங்குங்கள். 10 டிகிரி சூடு கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். சிம் லிம் டவரில் உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போனால் வேலை சுலபம். பவர் சப்ளையைத் திறக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். கரண்டை நிறுத்திய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மிக்சருக்குள் ஒலியைப் பெருக்கும் டிஎல்072 ஐசியை எல்லாம் எடுத்துவிட்டு என்இ5532 போட்டால் சத்தம் மாறிவிடும் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் பாருங்கள். ஒன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிஆம்பியர் கூடுதலாக இழுக்கும். 200 ஐசி மாற்றினால் ஒரு ஆம்பியர். பழைய பவர் சப்ளை அதைத் தாங்குமா என்று தெரியாமல் கை வைக்க வேண்டாம். நான் என் மிக்சரில் மாற்றவில்லை. அதன் ஓசை எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, பயன்படுத்துவது. முதல் நாளே லெவலைப் பொருத்திக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து மைனஸ் 18 டிபி டோன் (டிஜிட்டல் உச்ச அளவுக்கு 18 டெசிபெல் கீழே உள்ள ஒற்றை ஒலி) ஒன்றை அனுப்பி, இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டரை மிக்சரோடு இணைக்கும் ஒலிப்பெட்டி) அவுட்புட்டை மல்டிமீட்டரில் அளந்தால் 1.23 வோல்ட் வர வேண்டும். மிக்சரின் மீட்டர் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். மலிவு மல்டிமீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டும், 100 ஹெர்ட்ஸ் டோன் பயன்படுத்துங்கள். 1.23க்குப் பதில் 0.316 வோல்ட் லெவலில் வேலை செய்யும் மிக்சரும் உண்டு, வித்தியாசம் 12 டிபி.

மிருதங்கத்துக்கு வலந்தலையில் (வலப்பக்கம்) ஒரு மைக், தொப்பியில் (இடப்பக்கம்) ஒரு மைக். இரண்டையும் திறந்துவைத்து ஒன்றின் ஃபேஸ் சுவிட்சை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) அமுக்கிப் பாருங்கள். எந்த நிலையில் தொப்பியின் அடிநாதம் நிறைவாகக் கேட்கிறதோ அதையே வையுங்கள். பாடுபவரின் ஹெட்போனுக்கு ஆக்ஸ் (மிக்சரிலிருந்து தனியாகக் கலந்து அனுப்பும் பாதை) வழியாகவே தம்பூராவையும் குரலையும் கொடுங்கள். கம்ப்யூட்டர் வழியாகப் போய்வரும் தாமதம் துளியும் இருக்காது. இதை ஒருமுறை அனுபவித்த பாடகர்கள் வேறு எதையும் கேட்க மாட்டார்கள்.

எல்லா நிலையையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், எட்டு எட்டு சேனலாக. திரும்ப அதே பாட்டைத் திறக்க அதைவிட்டால் வழியில்லை. போடும்போது ஸ்பீக்கரைக் கடைசியில் போடுங்கள், நிறுத்தும்போது அதை முதலில் நிறுத்துங்கள். ஒரு சேனல் நடுவில் கரகரத்தால் வேலையை நிறுத்த வேண்டாம். அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு அடுத்த சேனலுக்கு மாறிக்கொள்ளுங்கள், வாரக்கடைசியில் திறந்து பார்க்கலாம்.